ரிகொலே என்றொரு வினைச்சொல்

அந்த வார்த்தையைச் சின்னவள் புத்தகத்தில் பார்த்ததில்லை. இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவள்தான். சிரிப்பதற்கு ஒரு வினைச்சொல், வேடிக்கையாகப் பேசுவதற்கு இன்னொரு வினைச்சொல், இரண்டையும் எல்லாக் காலங்களிலும் தப்பில்லாமல் ஒப்பிப்பாள். பரீட்சையில் தொண்ணூற்றொரு மதிப்பெண். ஆனால் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அந்த இரண்டையும் அங்கே ஒருவரும் சீண்டுவதில்லை என்று தெரிந்துபோயிற்று. அவர்கள் வாயில் வேறொன்று புரண்டது. ரிகோல், ரிகொலே, ரிகோல். மேஜைக்கு அந்தப் பக்கம் யாராவது எதையாவது சொல்வார்கள், நடுவில் அந்தச் சொல் வரும், கூடம் முழுக்கச் சிரிப்பு எழும். அவளும் ட்யூப் ஸ்டாண்டைப் பார்த்தபடியே உதட்டை இழுத்து வைப்பாள். எதற்கு இழுக்கிறோம் என்று தெரியாது. முதுகில் மட்டும் ஜில்லென்று ஒரு கோடு இறங்கும். என்னைப் பற்றித்தானோ?

பெற்ற இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் வீட்டில் அவள் சின்னவள். இப்போது இருப்பது பிரெஞ்சு பேசும் ஊரில், அக்கா வீட்டில். அக்கா, அத்தான், அவர்களுடைய ஒன்பது வயது மகள் வாலு. பிறந்ததிலிருந்து இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் வாலுவுக்குப் பிரெஞ்சு மூக்கு வழியாகவும் வரும், தூக்கத்திலும் வரும். சின்னவள் அவளிடம்தான் போய் நின்றாள்.

"ரிகொலேன்னா சிரிக்கிறது சித்தி."

"அதுக்குத்தான் வேற வார்த்தை இருக்கே?"

"அது டீச்சர் சிரிக்கிறது. இது நாங்க சிரிக்கிறது."

சின்னவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். வாலு அதை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிண்டல் பண்றதுக்கும் அதேதான். 'தூ ரிகோல்?'னா, என்ன விளையாடுறியான்னு அர்த்தம். 'ஜெ ரிகோல்'னா, சும்மா சொன்னேன்னு அர்த்தம்."

"சேர்ந்து சிரிக்கிறதுக்கும், ஒருத்தரை வச்சுச் சிரிக்கிறதுக்கும் ஒரே வார்த்தையா?"

"ஆமா."

"அப்ப எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வாலு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சியைப் பாரு சித்தி. மூஞ்சியில இருக்கும்."

சிக்கலே அங்கேதான். சின்னவள் யார் மூஞ்சியையும் பார்ப்பதில்லை. பேசுகிறவர்களின் சட்டைப் பொத்தானைப் பார்ப்பாள், காதைப் பார்ப்பாள், ரொம்ப அவசரமென்றால் நெற்றியைப் பார்ப்பாள்.

"தினம் ஒரு தடவை ஆபீஸ்ல சொல்லிப் பழகு," என்றாள் வாலு. "ஏதாவது சொல்லிட்டு, கடைசியில ஜெ ரிகோல்னு போடு. எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் நீயும் அவங்க செட்டு. சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லணும்."

"அவளைப் படுத்தாதடி," அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அவ தாய்மொழியில வாயைத் திறக்கவே வாடகை கேட்பா."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும். "சொன்னியா சித்தி?" தினமும் ஒரே பதில். இல்லை.

*

கூடத்தின் தலைவி மேடம். டாக்டர், கண்டிப்பானவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கு அடுத்தபடி இருபது வருடமாக அங்கே இருக்கும் டெக்னீஷியன். மீசையைத் தவிர அவர் முகத்தில் வேறெதுவும் கண்ணில் படாது என்பதால் சின்னவள் மனசுக்குள் அவருக்கு மீசை என்றே பெயர் வைத்திருந்தாள். வார்டுகளிலிருந்து ட்யூப்களை இறக்கிக்கொண்டு வருபவர் ட்ராலிக்காரர். எதற்கெடுத்தாலும் இளிப்பார். சாவு செய்தியையும் அதே இளிப்போடுதான் சொல்வாரோ என்று அவளுக்குத் தோன்றும்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ரத்தம் பேசாது, எண்தான் பேசும். அதில் ஒரே ஒரு இடம்தான் அவளுக்குப் பயம். சில எண்கள் வந்தால் உயிருக்கு ஆபத்து என்று பொருள். அப்படி வந்தால் மெஷினில் இன்னொரு முறை ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, உடனே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே எடுப்பவர் அந்த எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம், யார் படித்துக் காட்டினார்கள் என்று சிவப்பு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். முன்பின் தெரியாத ஆளிடம், போனில், பிரெஞ்சில். அவளுக்கு அதைவிட ஒரு ஓநாயைக் குளிப்பாட்டுவது சுலபம்.

மூன்றாவது வாரத்தில் அப்படி ஒரு எண் வந்தது. பொட்டாசியம் பன்னிரண்டு புள்ளி நான்கு. ஐந்துக்கு மேல் போகக் கூடாத எண் அது. ஏழைத் தாண்டினால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். லேபிள் கையால் எழுதியிருந்தது. நாலாம் மாடி வார்டு. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அவள் கூப்பிட்டாள். எடுத்தது அந்த வார்டின் தலைமை நர்ஸ், சரளைக் கல்லில் தகரத்தை இழுத்த மாதிரி கரகர குரல்.

"ஐயோ, பன்னிரண்டா? மறுபடி சொல்லு! ஐயோ, என்ன பண்ணுவேன்!" குரல் தழுதழுத்தது. சின்னவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது பின்னால் கதவு திறந்தது. மீசை, ட்ராலிக்காரர், எக்ஸ்ரே ஆட்கள் இரண்டு பேர். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போனுக்குள்ளும் கரகரவென்று சிரிப்பு. ரிகோல், ரிகோல் என்று நாலு பக்கமும் தெறித்தது.

அது வரவேற்புக் குழாய். அந்தக் கூடத்தின் வழக்கம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொய்யான ட்யூப் தயார் செய்து அனுப்புவார்கள். ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொட்டாசிய உப்பு இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் ரத்தத்தைச் சாதாரண ட்யூபில் ஊற்றிவிட்டால் போதும், பொட்டாசியம் வானத்துக்குப் போய்விடும். அதே உப்பு கால்சியத்தைக் கவ்விப் பிடித்துவிடுவதால் கால்சியம் பாதாளத்துக்குப் போகும்.

"கால்சியத்தைப் பார்த்தியா நீ?" என்றார் மீசை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதைப் பார்த்திருந்தா போலின்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். படிச்ச பொண்ணுதானே? இனி சாகுற வரைக்கும் மறக்க மாட்ட."

ரசாயன அலமாரியின் கதவை உட்பக்கம் திறந்து காட்டினார். வரிசையாகப் பழைய லேபிள்கள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. இதுவரை சிக்கியவர்கள். மேடத்தின் லேபிள்கூட மங்கிப்போய் மேலே இருந்தது. அவள் லேபிளைக் கடைசியில் ஒட்டினார்.

"இனி உன் முறை. ஒரு மாசத்துக்குள்ள அந்த நர்ஸை நீ திருப்பி ஏமாத்தணும். இல்லேன்னா நீ தோத்தவ."

சின்னவள் சிரித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லை. ஆனால் நர்ஸுக்கு அது தெரியாதே. அதன் பிறகு வராந்தாவில் எங்கே பார்த்தாலும் விரலை ஆட்டுவார். "காத்துக்கிட்டே இருக்கேன் சின்னப்பொண்ணு!"

*

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. மேடத்துக்கு விடுமுறை. பன்னிரண்டரைக்கு மீசை சாப்பிடப் போனார். கூடத்தில் அவளும் மெஷின்களும்தான். ட்ராலிக்காரர் ஆறு ட்யூப்களை வைத்துவிட்டு இளித்தார்.

"நாலாம் மாடியில லேபிள் அடிக்கிற மெஷின் மக்கர். கையாலதான் எழுதியிருக்காங்க."

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குத் திரையில் ஒரு எண் சிவப்பாகத் துடித்தது. பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்பது. நாலாம் மாடி, பதினோராம் நம்பர் கட்டில். கையெழுத்து லேபிள்.

அவள் முதலில் கால்சியத்தைத்தான் பார்த்தாள். சரியாக இருந்தது. ட்யூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ரத்த அணுக்கள் உடைந்திருந்தாலும் பொய்யான எண் வரும், ஆனால் அப்போது மேலே நிற்கும் நீர் சிவந்திருக்கும். இது தெளிந்த வைக்கோல் நிறம். மறுபடி ஓட்டினாள். பன்னிரண்டு நாற்பத்தேழு. எட்டு.

போன் ஒரு கை நீளத்தில் இருந்தது. கை போகவில்லை.

கால்சியத்தைப் பார்க்க அவர்களேதான் கற்றுக்கொடுத்தார்கள். அப்படியானால் இந்த முறை கால்சியத்தைத் தொடாமல் செய்திருப்பார்கள். எதிர் ஷெல்ஃபில் பொட்டாசியம் குளோரைடு பாட்டில் இருக்கிறது. அதில் ஒரு துளி விட்டால் போதும், இப்படியேதான் வரும். அவள் திரும்பிப் பார்த்தாள். பாட்டிலின் மூடி கொஞ்சம் கோணலாக இருந்த மாதிரி இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்குமா? யார் கவனித்தது? வரவேற்பு ஒரு தடவைதான் என்று யாராவது சொன்னார்களா? கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ? அவள் ஓசைப்படாமல் போய்க் கதவைத் திறந்தாள். வராந்தாவில் ஒரு காலி சக்கர நாற்காலி மட்டும் நின்றது.

திரும்பி வந்து ட்யூபை மூன்றாவது முறை மெஷினில் வைத்தாள். அதற்கு அவசியமே இல்லை. மெஷின் கிர்ர்ரென்று உறிஞ்சியது. அவள் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பு மறுபடி காதில் கேட்டது. எக்ஸ்ரே ஆட்களில் ஒருவன் தரையில் உட்கார்ந்தே சிரித்தானே, அந்தச் சிரிப்பு.

பன்னிரண்டு ஐம்பத்துநான்கு. ஏழு புள்ளி ஒன்பது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினோராம் நம்பர் கட்டிலில் யாரும் இல்லையென்றால் நாலு பேர் சிரிப்பார்கள். யாராவது இருந்தால்? இவ்வளவு நேரமாக அவள் பயந்துகொண்டிருந்தது அந்தக் கட்டிலுக்காக இல்லை. சிரிப்புக்காக.

ஐம்பத்தாறுக்குப் போனை எடுத்தாள்.

"பரிசோதனைக் கூடத்திலிருந்து பேசுறேன். பதினோராம் நம்பர் கட்டில். பொட்டாசியம் ஏழு புள்ளி..."

அந்தப் பக்கம் அதே சரளைக்கல் குரல் உருண்டது.

"தூ ரிகோல்?"

வாலு சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் புரிந்தது. என்ன, விளையாடுறியா?

"இல்ல, நிஜமா..."

"சபாஷ் சின்னப்பொண்ணு! எனக்கே பொட்டாசியமா? கொஞ்சம் புதுசா யோசிக்கக் கூடாதா? குரலை நல்லா நடுங்க வைக்கிற, அதுக்கு வேணா மார்க் போடலாம். உங்க பெரிய டெக்னீஷியன்கிட்ட சொல்லு, நான் விழலேன்னு." போன் வைக்கப்பட்டது.

மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை வேறொரு நர்ஸ் எடுத்தாள், "அவதான், அவதான்" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள், கட். டியூட்டி டாக்டர் நம்பர் பிஸி. மீசையின் நம்பரை அழுத்தினாள். அவருடைய போன் அவர் மேஜையிலேயே சார்ஜரில் கிடந்து உறுமியது.

ஓடுகிற மெஷினைத் தனியாக விட்டுப் போகக் கூடாது. அது விதி. வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்கூட ஆகாதவளுக்கு விதி கல்லில் வெட்டியது. அவள் அச்சடித்த தாளை உருவிக்கொண்டு கதவைத் திறந்துபோட்டபடி ஓடினாள். லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்றது. படியேறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு எண்ணம் பின்னால் ஓடி வந்தது. மேலே எல்லோரும் கூடி நிற்பார்கள். செல்போனில் படம் எடுப்பார்கள். அவளுடைய இரண்டாவது லேபிள் அலமாரிக் கதவில் ஏறும். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவள் வேண்டிக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும். பொய்யாகவே இருக்கட்டும்.

பதினோராம் கட்டிலில் ஆள் இருந்தார்.

ஐம்பது வயதிருக்கும். வலது காலில் கட்டு. தலையணையில் சாய்ந்து, பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார். அருகில் அவருடைய மனைவி. மேஜையில் அந்த அம்மா வாங்கி வந்த ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் அதில் ஒன்றை உரித்துத் தன் வாயருகே கொண்டுபோனார்.

வாழைப்பழம் முழுக்கப் பொட்டாசியம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சின்னவள் செய்தாள் என்று சொல்வதைவிட அவள் கை செய்தது என்பதுதான் சரி. கடையில் விலை கேட்கக்கூடக் கூசுகிறவள், முன்பின் தெரியாத ஒரு மனிதரின் வாயிலிருந்து பழத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

கட்டில் கட்டிலாகச் சிரிப்பு வெடித்தது. பழத்துக்குச் சொந்தக்காரரே சிரித்தார். "அம்மாடி, பசிச்சா கேட்டு வாங்கிக்கோயேன்! இன்னும் ஆறு இருக்கு!" மேஜையிலிருந்து தலைமை நர்ஸ் எழுந்து வந்தார், இரண்டு கையையும் தட்டிக்கொண்டே.

"நேர்லயே வந்துட்டியா! என்ன நடிப்பு! நோயாளியையும் சேர்த்துக்கிட்டியா? தோத்தேன்மா, ஒத்துக்கிறேன்!"

சின்னவள் வாயைத் திறந்தாள். புத்தகத்தில் படித்த மரியாதையான வாக்கியங்கள் எல்லாம் வரிசையில் நின்றன, ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் நர்ஸின் பொத்தானைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"ஜெ நெ ரிகோல் பா."

நான் விளையாடவில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. மறுபடி சொன்னாள், இந்த முறை வார்டு முழுக்கக் கேட்டது. மூன்றாவது முறை கத்திவிட்டாள்.

நர்ஸின் கைகள் தட்டிய நிலையிலேயே நின்றன. அவர் தாளைப் பார்க்கவில்லை. சின்னவளின் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. அவர் சிரிப்பு உதட்டிலிருந்து மெல்ல வழிந்து காணாமல் போயிற்று.

"ஈசிஜி," என்றார் பின்னால் திரும்பாமலே. "ஓடு."

மார்பில் ஒயர்கள் ஒட்டப்பட்டன. காகிதம் ஊர்ந்து வந்தது. இருக்க வேண்டியது சின்னச் சின்ன மேடுகள். இருந்ததோ கூரான கூடாரங்கள், ஒன்றையடுத்து ஒன்று. பொட்டாசியம் எகிறினால் வரும் என்று சின்னவள் பாடப் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்திருந்த கூடாரங்கள். யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள், யாரோ கட்டிலின் சக்கரத் தடையை உதைத்துத் தள்ளினார்கள். "என்னாச்சு? எனக்கு ஒண்ணுமில்லையே?" அந்த மனிதரின் சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி மிச்சமிருந்தது. அவர் மனைவி சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. யாரோ அவளை மெதுவாக ஒதுக்கி, திரையை இழுத்து மூடினார்கள்.

*

அவள் கீழே வந்தபோது மீசை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மெஷின் ஏதோ தீர்ந்துவிட்டதென்று கூவிக்கொண்டிருந்தது.

"எங்க போன? கதவு திறந்து கிடக்கு, மெஷின் கத்துது... அது என்ன கையில?"

பாதி உரித்த வாழைப்பழம். அவள் அதை அப்போதுதான் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து திரையைக் காட்டினாள். மீசை படித்தார். கால்சியத்தைப் படித்தார். மறுபடி பொட்டாசியத்துக்கு வந்தார்.

"இது நிஜமா?"

அவள் தலையசைத்தாள்.

காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. மற்ற ட்யூப்களை ஓட்டினாள், எண்களைப் பார்த்தாள், எதுவும் மனசில் தங்கவில்லை. நாற்பத்தேழிலிருந்து ஐம்பத்தாறு வரை. ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்தில் அவர் இன்னொரு பழம் தின்றிருப்பாரோ? மேலே இப்போது திரையை விலக்கிவிட்டார்களோ? விலக்கினால் என்ன தெரியும்?

ஒன்று முப்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. மீசை அவளைப் பார்த்தார். அவள்தான் எடுத்தாள்.

"படிச்சுக் காட்டுறேன்." கரகர குரல்தான். ஆனால் முன்பு நடித்தபோது இருந்த தழுதழுப்பு இல்லை. காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது. நிஜப் பயத்துக்கு ஏற்ற இறக்கமே இல்லை என்று சின்னவளுக்கு அப்போது தெரிந்தது. "பதினோராம் நம்பர் கட்டில். பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்பது. சரியா?"

"சரி."

"ஊசி போட்டாச்சு. வரைபடம் கொஞ்சம் இறங்கியிருக்கு. டயாலிசிஸுக்குக் கொண்டுபோயிட்டாங்க. பொழச்சுக்குவார்னு டாக்டர் சொல்றார். கால் புண்ணுக்காக வந்த மனுஷன், கிட்னி கெட்டிருக்குன்னு யாருக்குமே தெரியல." கொஞ்சம் மூச்சு. "ஐம்பத்தாறுக்கு நீ கூப்பிட்ட. நான் வச்சுட்டேன். அதையும் எழுது."

"எழுதணுமா?"

"எழுது," என்றார் நர்ஸ். போன் வைக்கும் சத்தம் கேட்கவில்லை. ரொம்ப மெதுவாக வைத்திருக்க வேண்டும்.

சிவப்பு ரிஜிஸ்டரைத் திறந்தாள். நேரங்களை எழுத ஆரம்பித்தாள். மீசை தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ரெண்டாவது தடவை ஓட்டினது நாற்பத்தேழா? மூணாவது எதுக்கு? சரி, அந்த ஐம்பத்துநாலையே ரெண்டாவதுன்னு போட்டுடு. ரெண்டு நிமிஷத்துல கூப்பிட்டுட்டேன்னு ஆயிடும். ஆள்தான் பொழச்சாச்சே. மேடம் திங்கட்கிழமை பார்ப்பாங்க. உன் வேலை இன்னும் நிரந்தரமாகல, ஞாபகம் இருக்கட்டும்."

நல்லதுக்குத்தான் சொன்னார். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பேனா அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நாற்பத்தேழு என்று எழுதினாள். ஐம்பத்தாறு என்று எழுதினாள். நர்ஸ் சொன்னதையும் எழுதினாள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் காரணம் எழுத வேண்டிய கட்டம் ஒன்று கடைசியில் இருந்தது. மேலேயிருந்து கீழே வரை காலியாகவே இருந்த கட்டம்.

புத்தகத்தின் மரியாதையான வினைச்சொல் பேனா முனை வரைக்கும் வந்தது. அவள் அதை விட்டுவிட்டு ரிகொலேவை எழுதினாள். விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

மீசை குனிந்து படித்தார். "இந்த வார்த்தையையெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுத மாட்டாங்க. இது தெருவுல பேசுறது."

"வேற என்ன எழுதட்டும்?"

அவர் யோசித்தார். சின்னவள் அவர் முகத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தாள். மீசைக்கு மேலே இரண்டு கண்கள் இருந்தன. அவை அந்த அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அந்தப் பார்வை புதிதில்லை. கழிப்பறைக் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறாள்.

"இருக்கட்டும்," என்றார் கடைசியில். பழத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ட்ராலிக்காரர் வந்து இளித்தபோது, ட்யூப்களை வாங்கி ஒவ்வொரு லேபிளையும் இரண்டு தடவை படித்தார்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்ற அக்கா வீட்டு வாசலில் குனிந்தபோது பட்டை சிக்கிக்கொண்டது. திங்கட்கிழமை காலை மேடம் ரிஜிஸ்டரைத் திறக்கும் காட்சியை அவள் வழியெல்லாம் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

"சொன்னியா சித்தி?"

"சொன்னேன்."

வாலு ஒரு குதி குதித்தாள். "அம்மா, சித்தி சொல்லிட்டா! எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"முதல்ல சிரிச்சாங்க." பட்டை ஒருவழியாகக் கழன்றது. "அப்புறம் யாரும் சிரிக்கல."

வாலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள். அங்கே எதையோ தேடினாள். அவள் எதிர்பார்த்தது அங்கே இல்லை போலிருக்கிறது. சித்தியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சித்தி இப்படி ஜில்லுன்னு இருக்கு?"